அமராவதியின் இளவேனில்: நீர் இறங்கும் காலத்து மீன்பிடிப்பு

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்துச் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வழங்குகிறது; குளிர்நாட்டார் வசந்தம் என்று கொண்டாடும் காலமும் ஏறத்தாழ இதே மாதங்களில்தான் வருகிறது. ஆனால் நன்னீர் மீனைப் பொறுத்தவரை இவை இரண்டும் முற்றிலும் வேறுபட்ட பருவங்கள். கனடாவிலும் பின்லாந்திலும் வசந்தம் வந்தால் ஏரியை மூடியிருந்த பனி உருகி நீர் பெருகும். கொங்கு நாட்டில் இளவேனில் வந்தால் ஏரி வற்றிச் சுருங்கும். அங்கே மீனின் நடமாட்டத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது வெப்பம் என்றால் இங்கே தீர்மானிப்பது நீர்மட்டம். அந்த நீர்மட்டமோ மீனைக் கருதி அல்லாமல் பயிரைக் கருதித் திறக்கப்படும் மதகைப் பொறுத்து ஏறி இறங்குவது. திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலையின் அடிவாரத்தில் தேங்கி நிற்கும் அமராவதி அணை இதை விளங்கிக்கொள்வதற்குப் பொருத்தமான இடமாகும்.

அணையும் அதன் ஆறுகளும்

சங்க இலக்கியம் ஆன்பொருநை என்று குறிப்பிடும் ஆறே இன்றைய அமராவதி. கேரளத்தில் ஆனைமுடியை ஒட்டிய மலைச்சரிவுகளில் பிறந்து மறையூர்ப் பள்ளத்தாக்கின் வழியே கிழக்கு நோக்கி வரும் பாம்பாறும், மாநில எல்லையில் அதனோடு கூடும் சின்னாறும், தேனாறும் சேர்ந்து இந்த ஆற்றுக்கு நீர் தருகின்றன. கேரளத்தில் தோன்றும் ஆறுகளில் மிகப் பல மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓட, கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டுமே கிழக்கே திரும்பிக் காவிரியைச் சென்றடைகின்றன என்பது இங்கு நினைவில் கொள்ளத் தக்கது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1957-58 ஆண்டளவில் கட்டி முடிக்கப்பட்ட அணையின் முழு நீர்மட்டம் 90 அடி. கொள்ளளவு 4 டி.எம்.சி.க்குச் சற்று மேல். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி நீர். அணை நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு சுமார் 9 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரிகிறது.

இந்த நீரைக் கொண்டு திருப்பூர், கரூர் மாவட்டங்களில் சுமார் 55 ஆயிரம் ஏக்கர் நிலம் பாசனம் பெறுகிறது. ராஜவாய்க்கால்கள் என்று வழங்கும் தொன்மையான கால்வாய்களால் பாயும் நிலம் பழைய ஆயக்கட்டு எனவும், அணை கட்டிய பின் வெட்டப்பட்ட பிரதான கால்வாயால் பாயும் நிலம் புதிய ஆயக்கட்டு எனவும் பிரித்துப் பேசப்படுகின்றன. மழைமறைவுப் பகுதியான மறையூர், சின்னாறு பள்ளத்தாக்கில் கோடையில் ஆற்றுவரத்து மிகவும் மெலிந்துவிடுகிறது. அதே நாட்களில் நிலைப்பயிரைக் காக்கவும் ஆற்றோரக் குடிநீர்த் திட்டங்களுக்கும் அணையிலிருந்து நீர் விடவேண்டியிருக்கிறது. வரவு குறைந்து செலவு தொடர்வதால் மாசியில் தொடங்கும் நீர்மட்டத்தின் இறக்கம் வைகாசி வரை நிற்பதில்லை.

இந்த இறக்கத்தின் கடுமையை அடிக்கணக்கு மட்டும் காட்டிவிடாது. மலைகளுக்கு இடையே கட்டப்பட்ட நீர்த்தேக்கம் மேலே அகன்றும் கீழே குறுகியும் உள்ள கிண்ணத்தைப் போன்றது. ஆகையால் நீர்மட்டம் 90 அடியிலிருந்து 45 அடிக்கு இறங்கும்போது உயரம் பாதியாகக் குறைந்தாலும் இருப்பு பாதிக்கும் வெகு கீழே போய்விடுகிறது. அத்தனை மீனும் அந்தச் சிறிய கொள்ளளவுக்குள் நெருங்கி வாழவேண்டியதாகிறது. வலைக்காரருக்கு இந்த நெருக்கம் அறுவடையாகத் தோன்றுகிறது; மீனுக்கோ அதுவே ஆண்டின் மிகக் கடினமான காலம்.

வெப்பமும் உயிர்வளியும்

மீன் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செவுள்களின் வழியே எடுத்து உயிர்வாழ்வது. நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு மிகுதியாக ஆக்சிஜன் அதில் கரையும்: 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரைய இடமுண்டு, 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. வெப்பம் ஏற ஏற மீனின் உடலியக்கம் விரைவடைந்து அதன் ஆக்சிஜன் தேவையும் கூடுவதால், கோடையில் தேவை மிகுந்து வரவு குறைகிறது. பகலில் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிட, இரவில் அவையும் மற்ற உயிர்களும் அதைச் செலவிடுவதால், விடியலுக்குச் சற்று முந்திய பொழுதில் நீரில் உயிர்வளி மிகத் தாழ்ந்து நிற்கும். கோடையில் பாசி மண்டிய குளங்களில் மீன்கள் வைகறையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு இதுவே காரணம்.

ஆழமான நீர்த்தேக்கத்தில் இன்னொரு செயலும் நடைபெறுகிறது. வெயிலில் சூடேறிய மேல்நீர் எடை குறைந்து மேலேயே தங்க, குளிர்ந்த கனத்த நீர் அடியில் நிற்கிறது. இரண்டும் கலவாமல் அடுக்கடுக்காக நிற்கும் இந்நிலையை வெப்ப அடுக்கமைவு என்பர். அடியில் படிந்த இலை, தழை, வண்டல் ஆகியவை மட்கும்போது அங்குள்ள ஆக்சிஜன் செலவாகிறது. மேலிருந்து புதிய ஆக்சிஜன் வந்து சேராமையால் அடிநீர் நாளடைவில் மூச்சடைத்த நீராகிறது. ஆகவே கோடையில் அணையின் ஆழம் முழுவதும் மீனுக்குரிய இடமன்று. மேலே தாங்கமுடியாத வெப்பத்துக்கும் கீழே உயிர்வளி இல்லாத இருளுக்கும் இடைப்பட்ட ஓர் அடுக்கிலேயே அது பெரும்பாலும் உலவுகிறது. வலையை எந்த ஆழத்தில் கட்டுவது என்னும் கேள்விக்கு அணை மீனவர்கள் அனுபவத்தால் கண்ட விடை, நீரியல் நூல்கள் அளவுகோலால் கண்டதோடு ஒத்துப்போவது இதனால்தான்.

குளிர்நாட்டு ஏரிகளில் இந்த அடுக்குகளைக் கலைப்பதும் வசந்தமே. 4 டிகிரியில் நீரின் அடர்த்தி உச்சத்தை அடைவதால், பனி உருகிய மேல்நீர் அந்த வெப்பத்தை எட்டும்போது மேலும் கீழும் ஒரே அடர்த்தி பெற்று, காற்று வீசிய அளவில் ஏரி முழுவதும் ஒருமுறை புரண்டு கலக்கிறது. அதன்பின் ஓடைகளின் முகத்துவாரங்களில் மீன் கூடுகிறது. தூண்டிலுக்கான பருவமும் தொடங்குகிறது. அமராவதியில் நீர் 4 டிகிரியை எட்டும் பேச்சுக்கே இடமில்லை. இங்கே அணையைப் புரட்டிப்போடும் வேலையைச் செய்வது வேறொன்று; அதன் வருகை இளவேனில் முடிந்த பிறகே.

வளர்ப்பு மீனும் வந்தேறி மீனும்

அமராவதியில் பிடிபடும் மீன்களில் சேல், கெண்டை, கெளுத்தி, விரால் போன்ற நாட்டு இனங்கள் உண்டு என்றாலும், வாணிகத்தில் முதலிடம் பெறுவன கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்று பெருங்கெண்டைகளும் ஜிலேபி என்று மக்கள் வழங்கும் திலேப்பியாவுமே. கெண்டைகள் மூன்றும் கங்கை முதலிய வடபுல ஆறுகளிலிருந்து தெற்கே கொண்டுவரப்பட்டவை. மேல்நோக்கிய வாயையுடைய கட்லா மேல்நீரிலுள்ள மிதவை நுண்ணுயிர்களை உண்கிறது. ரோகு நடுநீரில் மேய்கிறது. மிர்கால் அடிமண்ணைக் கிளறி உண்கிறது. ஒரே நீரில் மூன்று தளங்களையும் பங்கிட்டுக்கொள்வதால் இவற்றைச் சேர்த்து வளர்ப்பது வழக்கமாயிற்று. அடிநீர் மூச்சடைக்கும் கோடையில் மிர்காலின் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிடுவதால், அது கரையோர ஆழமற்ற நீரை நாடவேண்டியிருக்கிறது.

இக்கெண்டைகள் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. கோடையில் வயிற்றில் முட்டை முதிர்ந்தாலும், மழைக்காலத்தில் ஆறு பெருகிப் பாயும் புதுவெள்ளத்தின் தூண்டுதல் கிட்டும்வரை அவை காத்திருக்கின்றன. இத்தடையை அறிவியல் கடந்தது 1957 ஜூலை 10 அன்று. ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி, மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைத் தாய்மீனுக்கு ஊசியின் வழியே செலுத்திப் பெருங்கெண்டையை முட்டையிட வைத்த நாள் அது. அந்த நாளே இன்று தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அமராவதி அணை எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டில் நிகழ்ந்த இக்கண்டுபிடிப்பு இல்லையேல், ஆண்டுதோறும் மீன்குஞ்சுகளை விட்டு வளர்க்கும் இன்றைய அணை மீன்வளம் இல்லை.

திலேப்பியாவின் கதை இதற்கு நேர்மாறானது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மொசாம்பிக் திலேப்பியா 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது பரவும் வேகத்தைக் கண்டு இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு 1959இல் மேற்கொண்டு பரப்பலாகாது என்று தடைவிதித்தது. அதற்குள் தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்கள் பலவற்றில் அது குடியேறிவிட்டது; அமராவதி, திலேப்பியாவுக்குப் பெயர்பெற்ற அணையாகவே மீன்வள இலக்கியத்தில் இடம்பெற்றது. வெள்ளத்துக்குக் காத்திராமல், நீர் வெதுவெதுப்பாக இருக்கும் காலமெல்லாம் ஆண்டில் பலமுறை இனம்பெருக்குவதும், மற்ற மீன்கள் தாங்காத அளவு உயிர்வளி குறைந்த நீரிலும் பிழைத்திருப்பதும் அதன் வலிமை.

இளவேனிலில் அணைக்கரையில் நடப்பவர் இந்த மீனின் குடும்ப வாழ்க்கையைக் கண்ணாலேயே காணலாம். நீர் இறங்கிய சேற்றுப்பரப்பில், தாம்பாளத்தை அழுத்தி எடுத்தாற்போன்ற வட்டக் குழிகள் பக்கம்பக்கமாகக் கிடக்கும். ஆண் திலேப்பியா ஆழமற்ற அடிமண்ணை வாயால் அள்ளி வெளியே துப்பித் தோண்டிய கூடுகள் அவை. பெண்மீன் அக்குழியில் முட்டையிட்டு, உடனே அவற்றை வாய்க்குள் எடுத்துக்கொண்டு அகன்று, குஞ்சு பொரித்துத் தனியே நீந்தும்வரை இரை உண்ணாமல் காக்கிறது. ஆகவே மதகு திறந்து நீர் இறங்கிக் குழி காய்ந்தாலும் திலேப்பியாவின் முட்டைகள் தாயின் வாயில் பத்திரமாக வேறிடம் சென்றிருக்கும். நீர்மட்டம் நிலையில்லாத தேக்கத்தில், கரையோரத் தாவரங்களில் முட்டையை ஒட்டிவைக்கும் நாட்டு மீன்கள் தோற்கும் இடத்தில் வந்தேறி மீன் வெல்வதன் இரகசியங்களுள் இது ஒன்று.

வலையும் தூண்டிலும்

அணையின் மீன்பிடி உரிமை, 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ளது. அனுமதி பெற்ற மீனவர்கள் பரிசலில் சென்று செவுள் வலையைக் கட்டுகின்றனர். மெல்லிய நைலான் நரம்பால் பின்னிய இந்த வலை நீரில் கண்ணுக்குப் புலப்படாத திரையாக நிற்பது. தலையை நுழைத்த மீன் உடல் நுழையாமல் பின்வாங்கும்போது செவுள் மூடி கண்ணியில் மாட்டிக்கொள்கிறது. அந்திக்குக் கட்டி விடியலில் எடுப்பது வழக்கம். வலைக் கண்ணியின் அளவே எந்த மீன் சிக்கும், எது தப்பும் என்பதை முடிவுசெய்வதால், கண்ணி சிறுத்தால் அடுத்த ஆண்டுக்குரிய மீன் இவ்வாண்டே கரையேறிவிடும்.

தூண்டில்காரரின் கணக்கு வேறு. அவருக்கு இளவேனிலில் விடியலையும் அந்தியையும் ஒட்டிய நாழிகைகளே பயன் தருவன. வெயில் ஏறியபின் மீன் ஆழத்துக்கு இறங்கி இரையெடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. மண்புழுவும் பிசைந்த மாவும் இங்கே பொதுவான இரைகள். எனினும் அணையில் தூண்டில் போடுவதற்கும் அனுமதி தேவை என்பதோடு, கரையோரத்தில் இன்னொரு காரணத்தாலும் எச்சரிக்கை வேண்டும். அமராவதி சதுப்புநில முதலைகளின் வாழிடம்; அணையை ஒட்டி 1970களின் நடுவில் தொடங்கிய முதலைப் பண்ணை இன்றும் செயல்படுகிறது. இம்முதலைகள் மாசி, பங்குனியை ஒட்டிக் கரைமண்ணில் குழிதோண்டி முட்டையிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்துக் குஞ்சு பொரிக்கின்றன. நீர் இறங்கி அகன்ற கரை மனிதரை அழைக்கும் அதே வாரங்கள் தாய்முதலை கூட்டைக் காத்துக் கிடக்கும் வாரங்களுமாகும்.

சந்தையும் இளவேனிலில் அணையின் மீது கூடுதல் சுமையை ஏற்றுகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. கடல்மீன் இனம்பெருக்கட்டும் என்பதே அதன் நோக்கம். கடலிலிருந்து தொலைவில் உள்ள திருப்பூரில் அந்நாட்களில் கடல்மீன் வரத்துச் சுருங்கி விலை ஏறுவதால், வாங்குவோரின் பார்வை அணைமீன் பக்கம் திரும்புகிறது. பின்னலாடை ஆலைகளுக்கு வேலைதேடி வந்த வங்காளம், ஒடிசா, அசாம், பீகார் மாநிலத்தவருக்கு ரோகுவும் கட்லாவும் பிறந்தது முதல் பழகிய மீன் என்பதால் நன்னீர் மீனுக்கு இந்நகரில் ஆண்டு முழுவதும் தேவை உண்டு. இவ்வாறு கடல்மீனுக்கு ஓய்வு தரும் இரண்டு மாதங்களில் அந்தச் சுமையின் ஒரு பகுதி, வற்றிக்கொண்டிருக்கும் நீர்த்தேக்கத்தின் தலையில் விழுகிறது.

மலையோடைகளும் நொய்யலும்

அணைக்கு மேலே பாம்பாறும் சின்னாறும் கோடையில் தனித்தனிக் கயங்களாக, அதாவது பாறைகளுக்கிடையே ஆழ்ந்து நிற்கும் நீர்க்குழிகளாகத் துண்டுபடுகின்றன. வாயடியில் உள்ள உறிஞ்சுத் தட்டினால் வழுக்குப் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும் சிறுமீன்களும், மகசீர் எனப்படும் பெருஞ்செதில் கெண்டையும் மழை வரும்வரை இக்கயங்களையே நம்பி உயிர்வாழ்கின்றன. நீர்நாய்கள் அங்கே மீன்வேட்டையாடுகின்றன; அவை உண்டது போக எஞ்சிய தாய்மீன்களே ஜூனில் ஆற்றை மீண்டும் நிரப்பவேண்டியவை. இந்த ஓடைகள் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கும் சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்துக்கும் உட்பட்டவை. இங்கு மீன்பிடிப்பதை வனச்சட்டங்கள் தடுக்கின்றன. ஒரு கயத்தில் ஒரு நாள் வீசும் வலை ஓடையின் ஒரு துண்டையே காலிசெய்துவிடும் என்பதை எண்ணினால் தடையின் பொருள் விளங்கும்.

வடக்கே திருப்பூர் நகரின் ஊடாக ஓடும் நொய்யல் வேறொரு பாடத்தைச் சொல்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் இந்த ஆறு கோடையில் தன் சொந்த நீரை இழந்து, ஊரார் விடும் நீராலேயே ஓடுவது. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு மிகுதியாகச் சேர்க்கவேண்டியிருப்பதால், சாயப்பட்டறைக் கழிவில் நிறம் மட்டுமன்றிக் கரைந்த உப்பும் பெருகியிருந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் அதை நீர்க்கச் செய்தது. வேனிலில் நீர்க்கச் செய்ய எதுவும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை இக்கழிவு தேங்கும் இடமாகி, மீன் வளர்க்கவோ பயிர் செய்யவோ உதவாததாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதன் பின்னர், கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தி, ஒரு சொட்டும் வெளியே விடாத முறையைக் கைக்கொண்ட ஆலைகளே மீண்டும் திறக்க முடிந்தது. நகரின் விளிம்பில் நல்லாற்று நீரைப் பெறும் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றிருப்பது, நீர் ஓரளவு நலமாக இருந்தால் மீனும் மீனை உண்ணும் பறவையும் ஊருக்குள்ளேயே வாழும் என்பதைக் காட்டுகிறது.

மேல்காற்றும் புதுவெள்ளமும்

வைகாசி முடியும் தறுவாயில் பாலக்காட்டுக் கணவாயின் வழியே மேல்காற்று எழுகிறது. உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று அணையின் மேல்நீரைத் தள்ளி அலையெழுப்பி, கோடை முழுவதும் அடுக்கடுக்காக நின்ற நீரைக் கலைக்கத் தொடங்குகிறது. அதனைத் தொடர்ந்து தென்மேற்குப் பருவமழையில் பாம்பாறு செந்நிறமாகப் பெருகி வந்து அணையில் கலக்கும்போது, குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த புதுநீர் அடிவரை இறங்குகிறது; முட்டை முதிர்ந்த நாட்டுக் கெண்டைகள் அந்நீரை எதிர்த்து ஆற்றுமுகம் நோக்கி ஏறுகின்றன. குளிர்நாட்டு ஏரிக்கு ஏப்ரலில் வெப்பம் செய்யும் இரு வேலைகளையும், அதாவது நீரைப் புரட்டுவதையும் மீனை ஓடைக்கு அனுப்புவதையும், கொங்கு நாட்டு அணைக்கு ஜூனில் காற்றும் வெள்ளமும் சேர்ந்து செய்கின்றன. மீனின் கணக்கில் அமராவதியின் வசந்தம் ஆனியில் பிறக்கிறது எனலாம்.

இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் இளவேனில் மீன்பிடிப்பின் இயல்பு தெளிவாகிவிடும். சித்திரையில் எளிதாகச் சிக்கும் மீன் பருவத்தின் விளைச்சல் அன்று. நீர் சுருங்கியதால் ஓரிடத்தில் கூடி நிற்கும் விதைமீன் அதில் பெரும்பங்கு. விதைநெல்லைக் குத்தித் தின்னலாகாது என்பதை ஆயக்கட்டு உழவருக்கு எவரும் சொல்லித்தரவேண்டியதில்லை. மதகு திறக்கும் நாளைப் பயிரின் தேவைக்கேற்ப முறைவைத்து வகுத்த அவ்வூர்களின் பழைய ஒழுங்கில், அணையின் அடியில் எத்தனை அடி நீரை மீனுக்காக மிச்சம் வைப்பது என்னும் கேள்வியும், வற்றும் வாரங்களில் வலைக் கண்ணியை எவ்வளவு அகலமாக வைப்பது என்னும் கேள்வியும் இடம்பெறுமானால், சேற்றில் காய்ந்து கிடக்கும் திலேப்பியாக் குழிகளின் மேல் ஆனியில் செந்நீர் ஏறும்போது அதை எதிர்த்து நீந்த நாட்டுக் கெண்டையும் மிஞ்சியிருக்கும்.